வெள்ளை விளிம்புப் பாத்திரங்கள்

மட்டாஞ்சேரியில் வாடகைப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் யாரும் முதலில் வாடகையைக் கேட்பதில்லை. "இதுல முன்னாடி என்ன வெந்தது?" என்றுதான் கேட்பார்கள். கொங்கணியில் கேட்டாலும் குஜராத்தியில் கேட்டாலும் கேள்வி அது ஒன்றுதான். கூவப்பாடத்தில் கடை வைத்திருக்கும் பாக்கியலக்ஷ்மியிடம் அதற்குப் பதில் எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். எந்த உருளி எந்த வீட்டுப் பாயசத்துக்குப் போனது, எந்த அண்டா எந்த நிக்காஹ்வில் பிரியாணி வேகவைத்தது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அப்பேர்ப்பட்ட பாக்கியத்துக்கே ஒருநாள் காலையில் அந்தப் பதில் தொண்டையை விட்டு வெளியே வர மறுத்தது என்றால் நம்புவீர்களா? போன விநாயக சதுர்த்திக்கு மறுநாள்தான் நடந்தது.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் சுடலைமணியுடன் கொச்சிக்கு பஸ் ஏறினாள். சுடலைமணிக்கு பஜார் ரோட்டு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை. ஆளைப் பார்த்தால் மலை, வாயைத் திறந்தால் பூனை. பாக்கியம் அதற்கு நேர் எதிர். ஒல்லிக்குச்சி, ஆனால் அவள் பேச ஆரம்பித்தால் நாலு கடை தள்ளி நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

மலையாளம் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் சுடலைமணி அவளைக் கூட்டிவந்தார். வந்து பார்த்தால் பால்காரர் கொங்கணி பேசுகிறார். கிடங்கு முதலாளி வீட்டில் குஜராத்தி. மசூதிப் பக்கம் கச்சி மேமன்களுக்கு ஒரு பாஷை, அடுத்த சந்தில் தக்னி உருது பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. பக்கத்து வீட்டு கமலாக்ஷி மாமி பேசுவது தமிழ்தான் என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பாலக்காட்டு வாடை அடித்த அந்தத் தமிழ் பிடிபடவே பாக்கியத்துக்கு ஒரு மாதம் ஆனது.

"என்னங்க, மலையாளம் படிக்கலாம்னா மலையாளம் பேசுற ஆளைல்லா தேட வேண்டியிருக்கு!" என்று அவள் கத்தியதை சுடலைமணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

போர்ச்சுக்கீசியருக்குத் தப்பி கோவாவிலிருந்து ஓடிவந்தவர்கள் கொங்கணிகள். மிளகையும் சுக்கையும் தேடி வந்தவர்கள் குஜராத்திகள். மேமன்களை அரிசி வியாபாரம் கொண்டுவந்தது, பாலக்காடு வழியாக வந்த தமிழ் பிராமணர்களை ராஜா காலத்து உத்தியோகமும் கோயில் ஊட்டுப்புரைச் சாப்பாடும். எல்லோரும் மலையாளிகளோடு மலையாளிகளாகக் கலந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஓட்டுப் போட்டு, இங்கேயே கால்பந்துக்கும் அரசியலுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடுப்பு மட்டும் அவரவருடையது. வீதியில் தோளில் கை போட்டு நடக்கிற இருவர் சமையற்கட்டு வாசலில் பிரிந்துவிடுவார்கள், அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது. இதைப் புத்தகம் படித்து பாக்கியம் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு அண்டாவை வைத்துத் தெரிந்துகொண்டாள்.

மூடப்போகிற ஓட்டல் ஒன்றிலிருந்து சுடலைமணி மலிவாகப் பிடித்துவந்த செம்பு அண்டா அது. நவராத்திரிச் சுண்டலுக்கு அதைக் கேட்டு வந்தாள் கமலாக்ஷி மாமி. தூக்கப் போனவள் நின்று, "ஏண்டி பாக்கியம், இதுல முன்னால என்ன வெந்துது?" என்றாள்.

பாக்கியத்துக்கு ஒளிக்கத் தெரியாது. "எல்லாந்தான் மாமி. கோழி, ஆடு, மீனு..."

மாமி அண்டாவை அலுங்காமல் கீழே வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், "நெஜத்தைச் சொன்னியோல்லியோ, அது போறும். எங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி வை. இங்க இருக்கிற அத்தனை ஆத்து மனுஷாளையும் நான் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி அனுப்பினாள். கடை அப்படித்தான் பிறந்தது.

அதன் பிறகு பாக்கியம் வைத்த சட்டம், விளிம்புக்கு வர்ணம். மஞ்சள் விளிம்பு மாமி மாதிரித் தமிழ் பிராமண வீடுகளுக்கு. சிவப்பு செரளாயித் தெருக் கொங்கணிகளின் பூஜைச் சமையலுக்கு. பச்சை நிக்காஹ் பிரியாணிக்கு. நீலம் லத்தீன் கிறிஸ்தவர்களுக்கு, அவர்கள் கல்யாணத்தில் பன்றி இறைச்சி வேகும் என்பதால் நீலத்தையும் பச்சையையும் ஒரே அலமாரியில்கூட வைக்கமாட்டாள். கழுவும் நார் தனி, கழுவும் தொட்டி தனி. "உனக்கென்ன பைத்தியமா, தேய்ச்சுக் கழுவினா எல்லாம் ஒண்ணுதானே?" என்று கேட்ட சுடலைமணியின் தம்பி அன்றைக்குச் சாப்பாடு இல்லாமல் பஸ் ஏறினான்.

இத்தனை வர்ணத்திலும் ஒரு வர்ணம் மட்டும் வெகுநாள் வரை இல்லை. வெள்ளை. குஜராத்தி ரோட்டு சமணர்கள் பாக்கியத்தின் கடைப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு மாமிசம் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு என்று மண்ணுக்குள் விளையும் எதுவும் ஆகாது. மாமியின் மஞ்சள் பாத்திரமே அவர்களுக்குத் தீட்டு! அவர்களில் பெரிய குடும்பம் நிர்மளாபென் வீடு. அந்த அம்மாள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், குஜராத்தியை விட மலையாளத்தில்தான் நன்றாகத் திட்டுவார். இனிப்புக் கடை ஒன்றை மூடிய குஜராத்திக்காரரிடமிருந்து நாலு பெரிய செம்புப் பாத்திரங்களை பாக்கியம் வாங்கி, வெள்ளை விளிம்பு அடித்து, தனி அறையில் பூட்டிவைத்தபோது, நிர்மளாபென் ஏதோ வேலையாக வருகிறவர் மாதிரி அவ்வப்போது கடைக்கு வந்து அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்று வருஷம் பார்த்தார். இந்த வருஷம்தான் வாயைத் திறந்து கேட்டார்.

காரணம் அவருடைய மருமகள் ஹேதல். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த குஜராத்திப் பெண். பாக்கியத்தைப் பார்த்தால் "ஏனுங்கக்கா, சௌக்கியமுங்களா?" என்று கொங்குத் தமிழில் இழுப்பாள். மட்டாஞ்சேரியில் அந்தத் தமிழைக் கேட்டால் பாக்கியத்துக்கு வயிறு குளிர்ந்துவிடும். அந்தப் பெண் சமணர்களின் எட்டு நாள் உபவாசத்தை முதல் முறையாக எடுத்திருந்தாள். எட்டு நாளும் பகலில் காய்ச்சிய தண்ணீர் மட்டும், பொழுது சாய்ந்தால் அதுவும் இல்லை. ஒன்பதாம் நாள் காலை பாரணை, அதாவது நோன்பு முடித்து முதல் ஆகாரம் எடுப்பது. பம்பாயிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சொந்தபந்தம் திரண்டுவர, வீட்டுப் பாத்திரம் போதாமல் நிர்மளாபென் பாக்கியத்தின் கையைப் பிடித்தார்.

"பாக்யம், என் மருமகள் எட்டு நாள் பட்டினி கிடக்குது. அது உன் பாத்திரத்துலதான் முடியணும்" என்றார்.

பாக்கியம் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. வெள்ளையும் வந்துவிட்டது, இனி மட்டாஞ்சேரியில் தன் பாத்திரம் போகாத வீடு கிடையாது என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள்.

இனி, கோளாறு எங்கே நுழைந்தது என்று பாருங்கள். செம்புப் பாத்திரத்துக்கு அவ்வப்போது உள்ளே ஈயம் பூசவேண்டும். ஈயம் பூசுகிறவர் வந்த வாரம் பார்த்து பாக்கியம் ஊரில் இல்லை. மகள் மகாவுக்கு ஐப்பசியில் கல்யாணம், சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கத் தென்காசி போயிருந்தாள். ஈயம் பூசப் பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சினார்கள், விளிம்பில் இருந்த வர்ணமெல்லாம் கருகி உதிர்ந்துபோனது. சுடலைமணி பதறவில்லை. பெண்டாட்டி வருவதற்குள் எல்லாவற்றுக்கும் திரும்ப வர்ணம் அடித்து அசத்திவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். பிரியாணி அண்டா என்றால் பெரியது, சமணர் பாத்திரம் என்றால் சிறியது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டார். இனிப்புக் கடைப் பாத்திரம் பிரியாணி அண்டாவை விட ஒரு சுற்றுப் பெரியது என்பது அந்த மலைக்குத் தெரியவில்லை!

ஊரிலிருந்து வந்த பாக்கியமும் வரிசையாக மின்னுகிற விளிம்புகளைப் பார்த்து, "அட, கைவேலை பிரமாதமா இருக்கே" என்று புருஷனை மெச்சினாள். ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளை விளிம்பு குஜராத்தி ரோட்டுக்கும், பச்சை விளிம்பு பள்ளுருத்தியில் ஒரு மேமன் கல்யாண மண்டபத்துக்கும், சிவப்பு முழுக்கச் சதுர்த்திக்காக செரளாயிக்கும் போய்ச் சேர்ந்தன.

பாரணை அன்று விடிவதற்கு முன் பள்ளுருத்தியிலிருந்து பிரியாணி மாஸ்டர் கலீல் போன் செய்தான். ஒரு அண்டாவுக்கு மூடி வரவில்லையாம். பாக்கியமும் சுடலைமணியும் மூடியைப் பெட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மழை விட்டிருந்தது. மண்டபத்தின் பின்பக்கம் அடுப்புகள் எரிய, ஆட்டுக்கறி மசாலாவில் கொதித்து, வாசனை ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா சேச்சி? மூடி இல்லாம தம் எப்படிப் போடுறது?" என்று கலீல் பல்பை இழுத்துப் பாத்திரத்துக்கு மேலே பிடித்தான்.

பாக்கியம் மூடியை வைக்கக் குனிந்தாள். விளிம்புக்கு உள்பக்கம், பச்சை வர்ணத்துக்கு ஒரு விரல்கடை கீழே, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. பாத்திரம் வாங்கியவர் பேரைப் பொறித்து வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இது குஜராத்தி எழுத்து. இனிப்புக் கடைக்காரரின் பேர். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் துடைத்த எழுத்தின் வளைவு தெரியாமல் போகுமா?

மூடி கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"என்னங்க... இது வெள்ளைப் பாத்திரம்லா! அப்போ அங்க என்ன போயிருக்கு?"

சுடலைமணி குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தார். "பெருசு பிரியாணிக்குன்னு நெனைச்சுட்டேன் பாக்கியம்" என்றார்.

கலீலுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். "யா அல்லா! அவங்க வீட்டுப் பாத்திரத்துல நான் கறி வேகவெச்சுட்டேனே! சேச்சி, நின்னு பார்க்காதீங்க, ஓடுங்க. அவங்க சூரியன் வந்துதான் அடுப்பு பத்தவைப்பாங்க. ஓடுங்க!"

உண்மைதான். சமணர்கள் இருட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பொழுது புலர்ந்த பிறகுதான் நெருப்பு, அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் பாரணை. கிழக்கே பார்த்தாள். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது! ஆனால் கையில் என்ன இருக்கிறது? நாலு வெள்ளைப் பாத்திரத்திலும் ஆட்டுக்கறி. மஞ்சளிலும் சிவப்பிலும் உருளைக்கிழங்கு வெந்திருக்கும். பாத்திரக் கடைகள் திறக்கப் பத்து மணி ஆகும்.

பெட்டி ஆட்டோ மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் வழியில் தோப்பும்படியை நோக்கிப் பறந்தது. நிர்மளாபென்னுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள், மறுபடியும் இல்லை. தோப்பும்படியில் ஒரு மீன் லாரி குறுக்கே நின்று ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தது. பாக்கியம் ஆட்டோவிலிருந்தே குதித்து இறங்கி, அத்தனை நாள் கற்ற அத்தனை பாஷையிலும் அந்த டிரைவரைத் திட்டினாள். எந்த பாஷை வேலை செய்ததோ, லாரி நகர்ந்தது.

திரும்ப ஏறி உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வீட்டு மச்சில், அட்டைப் பெட்டிக்குள், மகாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் இருக்கின்றன. பித்தளை அண்டா, எவர்சில்வர் தவலைகள், அடுக்குகள். திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி இறங்கி, தட்டித் தட்டி ஓசை பார்த்து வாங்கியவை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாதவை.

"வேணாம் பாக்கியம்" என்றார் சுடலைமணி, அவள் சொல்லாமலே புரிந்துகொண்டு. "சம்பந்தி வீட்டம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்கல்லா. புது வீட்டுல பால் காய்ச்சுறதுக்கு முந்தி சீர்ப் பாத்திரம் அடுப்பு ஏறக்கூடாதுன்னு. தெரிஞ்சா என்ன பேச்சு வரும்? என் தப்புக்குப் பிள்ளை தலையில கைவெக்கணுமா?"

பாக்கியம் போனை எடுத்தாள். மகாவையே கூப்பிட்டாள். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற மகா, அம்மாவைப் போலவே சட்டென்று முடிவெடுக்கிறவள். தூக்கக் கலக்கத்தில் கதை முழுக்கக் கேட்டாள்.

"அம்மா, அந்தச் சேச்சி எட்டு நாளா ஒண்ணும் கழிச்சிட்டில்லா? சாப்பிடவே இல்லையா?"

"ஒரு வாய் இல்ல மக்கா. தண்ணி மட்டுந்தான்."

"அப்போ இதுல ஆலோசிக்க என்ன இருக்கு? பால் காய்ச்சுற நாள் நான் புதுசா ஒரு சின்னப் பாத்திரம் வாங்கிக்கறேன். நீங்க வந்து சேருங்க, நான் இறக்கி வைக்கறேன்."

கூவப்பாடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மகா நைட்டியோடு வாசலில் உட்கார்ந்து, தவலையில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பாத்திரத்தை ஆட்டோவில் ஏற்றியபோது மட்டும் அதன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பாக்கியம் அதைப் பார்த்துவிட்டாள்.

கிழக்கே சிவப்பு ஏறிவிட்டது. ஆட்டோவில் சுடலைமணி மெல்ல ஒரு யோசனை சொன்னார். "பாத்திரம் ஓட்டை, அதான் மாத்திக் கொண்டுவந்தோம்னு சொல்லிடு. அவங்க நோன்பும் கெடாது, நம்ம பேரும் கெடாது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

யோசித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லைதான். புதுப் பாத்திரத்தில் சமைக்கப் போகிறார்கள். ஹேதல் நிம்மதியாக நோன்பு முடிப்பாள். வெள்ளை விளிம்பும் கடையில் நிலைக்கும். பாக்கியம் வழிநெடுக "ஓட்டைங்க, ஓட்டை விழுந்துடுச்சு" என்று வாய்க்குள்ளே ஒத்திகை பார்த்தாள். நன்றாகவே வந்தது.

குஜராத்தி ரோட்டில் அந்த வீட்டு முற்றம் நிறையப் பட்டுப் புடவைகள். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாற்காலியில் மருதாணிக் கையோடு ஹேதல், வாடிய கீரை மாதிரி இருந்தாள், ஆனால் கண் மட்டும் ஜொலித்தது. பின்கட்டில் வெள்ளை விளிம்பு மினுங்க, பாக்கியத்தின் பிரியாணி அண்டா அடுப்பின் மேல் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. பாசிப்பயறு களைந்து தயாராக இருந்தது. சமையல்கார மகராஜ் கையில் லைட்டரோடு ஓட்டுக்கு மேலே வெளிச்சம் விழக் காத்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க! பத்தவைக்காதீங்க!"

பாட்டு நின்றுவிட்டது. நிர்மளாபென் உள்ளிருந்து விரைந்து வந்தார். பாக்கியம் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மாள் அவள் எதிரில் நின்று, இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்தார்.

"மிச்சாமி துக்கடம், பாக்யம்."

உபவாசத்தின் கடைசி நாளில் சமணர்கள் தெரிந்தவர், தெரியாதவர், வேலைக்காரர், பகையாளி என்று எல்லோரிடமும் இப்படிக் கைகூப்பி மன்னிப்புக் கேட்பார்கள். பாக்கியத்தை முந்தின நாள் பார்க்க முடியாததால் பாக்கியை இப்போது தீர்க்கிறார். "அறிஞ்சும் அறியாமலும் உன் மனசை நான் நோகடிச்சிருந்தா மன்னிச்சிடு. மூணு வருஷம் உன்னை நம்பாம உன் பூட்டைப் பார்த்துட்டுப் போனேன். அது என் தப்பு."

பாக்கியத்துக்கு ஓட்டை மறந்துபோய்விட்டது. வயதில் மூத்தவர், தன் முன்னால் தலை குனிந்து நிற்கிறார், அதுவும் நம்பாமல் இருந்ததற்காக! இந்த மனுஷியிடம் எப்படிப் பொய் சொல்வது?

"அம்மா, என்கிட்ட போய் மன்னிப்புக் கேக்காதீங்க! அந்தப் பாத்திரத்தை அடுப்புலேர்ந்து இறக்கச் சொல்லுங்க!"

"ஏன்? அதுல என்ன வெந்தது?"

ஆயிரம் தடவை சொன்ன பதில், அன்றைக்கு வர மறுத்தது. விழுங்கி விழுங்கிச் சொன்னாள். "ஆட்டுக்கறிம்மா. இது பிரியாணி அண்டா. வர்ணம் மாறிப்போச்சு. உங்க பாத்திரம் பள்ளுருத்தியில இருக்கு. நான் திரும்பிப் பாக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

"வர்ணம் அடிச்சது நான்" என்றார் வாசலில் நின்ற சுடலைமணி. அவர் வாழ்க்கையில் அத்தனை பேர் நடுவில் அத்தனை சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மகராஜ் லைட்டரைச் சுட்டதுபோலக் கீழே போட்டார். பம்பாய்க்காரப் பெண்கள் குஜராத்தியில் படபடவென்று ஏதோ சொன்னார்கள். நல்ல வார்த்தையாக இருக்க வாய்ப்பில்லை. நிர்மளாபென்னின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பாக்கியத்தைப் பார்க்கவில்லை, ஹேதலைத்தான் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு வேற வழி கொண்டுவந்திருக்கேம்மா" என்று பாக்கியம் ஆட்டோவைக் காட்டினாள். "புத்தம் புதுசு. தண்ணி பட்டதில்ல. ஸ்டிக்கரை இப்பத்தான் என் பொண்ணு உரிச்சா. அவ கல்யாணச் சீரு."

நிர்மளாபென் நிமிர்ந்தார். "மகாவோட கல்யாணத்துக்கா? அது வேண்டாம் பாக்யம். பெண்ணுக்குக் கொடுக்கிறதை அவ தொடுறதுக்கு முன்னால நாங்க எடுக்கிறது பாவம்."

"அவதாம்மா இறக்கிக் கொடுத்தா. எட்டு நாள் பட்டினிக்கு முன்னால ஆலோசிக்க என்ன இருக்குன்னு கேட்டா."

ஹேதல் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். நாலு பேர் தாங்கப் போனார்கள், கையை உதறினாள். "அத்தை, எனக்கு அந்தப் பொண்ணோட பாத்திரத்துலதானுங்க வேணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நினைவு வந்தவளாக அதையே குஜராத்தியில் மாமியாரிடம் சொன்னாள். என்ன சொன்னாளோ, நிர்மளாபென் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? இறக்குங்க, இறக்குங்க!" என்று மலையாளத்தில் கத்தினார். பம்பாய்ப் பட்டுப் புடவைகளே ஓடிப்போய்த் தவலை சுமந்தன. சுடலைமணி பிரியாணி அண்டாவைத் தண்ணீரோடு ஒற்றை ஆளாய்த் தூக்கி வெளியே கொண்டுபோனார். ஓட்டின் மேல் வெயில் விழுந்தது. அடுப்பு பற்றியது. மறுபடியும் பாட்டு, முன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாக!

பயறு வெந்து, அதன் தண்ணீரை வடித்து வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். நோன்பு இருந்தவருக்கு முதல் கரண்டி ஊட்டுவது பெரிய புண்ணியம் என்று அவர்களுக்கு. அதற்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார் ஹேதலின் பெரியப்பா. வரிசையில் முதல் ஆளாக நின்றவரைப் பார்த்து ஹேதல் கைகூப்பி ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே விலகி வழிவிட்டார்.

"பாக்கியக்கா, நீங்க கொடுங்க."

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள், வேறு யாராவது பாக்கியம் இருக்கிறாளா என்று. "அய்யய்யோ, நான் எப்படிம்மா! நான் மீன் திங்கிறவ. இந்தக் கையால கறி அரிஞ்சிருக்கேன், எல்லாம் செஞ்சிருக்கேன்..."

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

பாக்கியம் யோசித்தாள். இருட்டோடு போன் வந்தது, ஓடினாள், ஓடிக்கொண்டே இருக்கிறாள். "இன்னைக்கா? பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல."

"அப்புறமென்னங்க, நீங்களும் உபவாசந்தான்" என்றாள் ஹேதல். முற்றம் முழுக்கச் சிரித்தது.

நிர்மளாபென் பாக்கியத்தின் கையைச் செம்புத் தண்ணீரில் தாமே கழுவிவிட்டு, கரண்டியைக் கொடுத்தார். பாதி சிந்தியது. மீதியை ஹேதல் கண்ணை மூடி விழுங்கினாள், அந்தக் கழுத்து அசைவதைப் பார்த்ததும் பாக்கியம் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதுவிட்டாள்.

ஹேதல் கண்ணைத் திறந்தாள். பாக்கியத்தின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கிண்ணத்தில் தோய்த்து, பாக்கியத்தின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"ம், திறங்க. உங்களுக்கும் பாரணை ஆக வேண்டாமா?"

பாக்கியம் வாயைத் திறந்தாள்.